எந்த வருடத்து வண்டி?

பழைய பிக்கப் வண்டி ஒன்றைக் கண்டதும் மனிதர்கள் கேட்கும் முதற் கேள்வி, "இது எந்த வருடத்து வண்டி?" என்பதுதான். பார்வைக்கு மிகச் சாதாரணமான கேள்வி. ஒரு எண்ணைச் சொன்னால் முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் நேர்மையாகப் பதில் சொல்ல முனைந்தவர்களுக்குத் தெரியும், இதற்குள் குறைந்தது நான்கு கேள்விகள் இருக்கின்றன. நான்குக்கும் நான்கு பதில்கள் வரலாம். நான்கு பதில்களும் உண்மையாகவும் இருக்கலாம்.

நான் ரொறொன்ரோவில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்பவன். இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன பல்கலைக்கழகப் படிப்பில் கொஞ்சம் மெய்யியல் படித்திருக்கிறேன். வாகனங்களைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், எங்கள் முதலாளியின் கராஜுக்குள் நிற்கும் ஒரு செவர்லே பிக்கப்பின் கறளைச் சுரண்டிக் கொடுக்கச் சில திங்கட்கிழமைகள் கூலிக்குப் போனேன் என்பது மட்டும்தான். ஆனால் கடதாசியில் இருக்கிற வருடத்துக்கும் உடம்பில் இருக்கிற வருடத்துக்கும் இடையிலான தூரத்தைப் பற்றிக் கதைக்க அகதியை விடத் தகுதியானவர் யார் என்றும் தோன்றுகிறது.

முதலில் 'மொடல் வருடம்' என்பதையே எடுத்துக்கொள்வோம். அது நாட்காட்டியின் வருடம் அல்ல. 1920களில் அல்பிரட் சுலோனின் தலைமையில் ஜெனரல் மோட்டர்ஸ், வருடாவருடம் வண்டியின் தோற்றத்தை மாற்றி விற்கும் முறையை வளர்த்தெடுத்தது. போன வருடம் வாங்கியவனுக்குத் தன் வண்டி பழசாகிவிட்டது என்ற மனக்குறை வரவேண்டும். அதுதான் நோக்கம். அடுத்த வருடத்து வண்டி பெரும்பாலும் இந்த வருட இலையுதிர் காலத்திலேயே கடைக்கு வந்துவிடும். ஆகவே 1950 மொடல் என்று சொல்லப்படுகிற வண்டி 1949இல் செய்யப்பட்டதாக இருக்கலாம். மொடல் வருடம் என்பது வண்டி பிறந்த திகதி அல்ல. விற்பவன் வைத்த பெயர்.

அந்தப் பெயரையும் உலோகம் எப்போதும் மதிப்பதில்லை. 'அட்வான்ஸ் டிசைன்' என்று அழைக்கப்படும் செவர்லே பிக்கப் வரிசை 1947 நடுப்பகுதியில் வந்து 1955 மார்ச் வரை நீடித்தது. அதனால் 1947 செவர்லே பிக்கப் என்றால் இரண்டு விதமான வண்டிகள் உண்டு. வருடத்தின் முற்பகுதியில் விற்றது யுத்தத்துக்கு முந்திய முகத்தோடு இருக்கும், பிற்பகுதியில் விற்றது புதுமுகத்தோடு இருக்கும். 1955க்கும் இதே கதைதான். முதலாம் தொடர், இரண்டாம் தொடர் என்று பிரித்துச் சொன்னால்தான் விளங்கும்.

இடைப்பட்ட வருடங்களைப் பிரித்தறியத் தெரிந்தவர்கள் ஒரு வைத்தியர் நாடி பிடிப்பது போல வண்டியைச் சுற்றி வருவார்கள். பெற்றோல் தாங்கி வண்டியின் பெட்டிக்குக் கீழே இருக்கிறதா, சாரதியின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறதா? பின்னால் என்றால் 1949 அல்லது அதற்குப் பிறகு. கதவுக் கண்ணாடியின் முன்மூலையில் காற்றுக்காகத் திருப்பும் சிறிய முக்கோணக் கண்ணாடி இருக்கிறதா? அது 1951இல் வந்தது. வெளிக் கைப்பிடியைக் கீழே திருப்ப வேண்டுமா, பொத்தானை அமத்த வேண்டுமா? பொத்தான் 1952இல் வந்தது. முற்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருக்கிறதா? அப்படியானால் 1953 அல்லது அதற்கு முந்தியது. 1954இல் ஒரே துண்டாகிவிட்டது. முன்பக்கக் கிராதியில் குரோமியப் பளபளப்புக்குப் பதிலாக வெறும் பெயின்ற் பூசியிருக்கிறதா? கொரிய யுத்த காலத்தில் அந்த உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்ததை அது சொல்லக்கூடும். எங்கேயோ நடந்த யுத்தம் ஒன்று ஒரு விவசாயியின் வண்டி முகத்தில் அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

பிறகு எண்கள். சாரதிப் பக்கக் கதவு மாட்டியிருக்கும் தூணில் ஒரு சிறு தகடு இருக்கும். அரைத் தொன் வண்டி என்றால் அதில் உள்ள எழுத்துக்களில் ஜி.பி. 1949, எச்.பி. 1950, ஜே.பி. 1951. எஞ்சினின் வார்ப்பிலும் ஒரு திகதி புடைத்து நிற்கும். மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து, பிறகு நாள், பிறகு வருடத்தின் கடைசி இலக்கம் மட்டும். ஆறு என்று இருந்தால் 1946ஆ 1956ஆ என்று அது சொல்லாது. அந்தப் பத்தாண்டை வேறு தடயங்களிலிருந்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்று எல்லா வாகனங்களிலும் இருக்கும் 17 எழுத்து அடையாள எண், பத்தாவது எழுத்தில் மொடல் வருடத்தைச் சொல்லும் ஒழுங்கான எண், 1981 மொடல்களோடுதான் அமெரிக்காவில் பொதுமுறையாக வந்தது. அதற்கு முந்தியவை எல்லாம் தத்தமது பாஷையில் கதைப்பவை.

கடைசியாகக் கடதாசி. அமெரிக்காவின் பல மாநிலங்களில் 1950களின் நடுப்பகுதி வரை வண்டியை எஞ்சின் எண்ணைக் கொண்டே பதிந்தார்கள். எஞ்சின் பழுதாகி மாற்றினால், கடதாசியில் இருப்பது எங்கோ இரும்புக்குப் போன ஒரு எஞ்சினின் எண். விற்காமல் கிடந்த வண்டியை அடுத்த வருடம் விற்றால், விற்ற வருடத்தையே மொடல் வருடமாக எழுதிவிட்ட இடங்களும் உண்டு. எழுதுவினைஞர் ஒருவர் மேசையில் இருந்து எழுதிய ஒரு எண், எழுபது வருடங்களுக்குப் பிறகும் அந்த வண்டியோடு கூடவே வருகிறது.

எங்கள் முதலாளியின் வண்டி இப்படியான ஒன்றுதான். கதவுத் தூணின் தகட்டில் எச்.பி. — 1950. கடதாசியில் 1951. கதவுகளில் முக்கோணக் கண்ணாடியும் பொத்தான் கைப்பிடியும் உண்டு, ஆகவே அவை 1952க்கு முந்தியவை அல்ல. எஞ்சின் 1956 நவம்பரில் வார்க்கப்பட்டது. ஒரே வண்டி, நான்கு வருடங்கள். எல்லை தாண்டி ஒன்ராறியோவுக்கு வந்தது இவை எல்லாவற்றுக்கும் பிறகு.

யாழ்ப்பாணத்தில் இது ஒரு பிரச்சினையாகவே இருந்திருக்காது. எங்களூர் ஒஸ்ரின் ஏ-40களுக்கும் மொறிஸ் மைனர்களுக்கும் யாரும் வருடம் கேட்டதில்லை. 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் அவை மண்ணெண்ணெயில் ஓடின. எந்த வண்டியின் உறுப்பு எந்த வண்டியில் இருந்தது என்று அவற்றைத் திருத்தியவர்களுக்கே நினைவிருக்காது. "ஓடுமோ?" என்பதுதான் ஒரே கேள்வி. அங்கே வருடத்தில் பணம் இல்லை, அதனால் பொய்யும் இல்லை. இங்கே வருடத்தில் பணம் இருக்கிறது. ஒன்ராறியோவில் 30 வருடத்துக்கு மேற்பட்டதும் செய்யப்பட்ட நிலையிலிருந்து பெரிதாக மாறாததுமான வாகனத்துக்கு வரலாற்று வாகனம் என்று தனி இலக்கத்தகடு கொடுக்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் எல்லாம் பொருந்துகிறதா என்று டோர்ச் அடித்துப் பார்க்கிறார்கள். பொருந்தாத வண்டிக்கு விலை குறைவு.

'மிலிந்த பன்ஹ' என்ற பாளி நூலில் வரும் தேர் நினைவுக்கு வருகிறது. நாகசேனர் என்ற பிக்கு மிலிந்த அரசனைக் கேட்கிறார், நீ வந்த தேர் எது? ஏர்க்காலா, அச்சா, சில்லா? ஒன்றுமில்லை. இவை எல்லாவற்றையும் கொண்டு வழங்கும் பெயர்தான் தேர். மனிதனும் அப்படித்தான் என்று முடிக்கிறார். படிக்கிற காலத்தில் இந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. இப்போது போதவில்லை. தேர் என்ற பெயரால் ஒருவரும் ஏமாறப் போவதில்லை. அரசன் அந்தத் தேரை விற்க வந்து, இது எந்த வருடத்துத் தேர் என்று வாங்குபவன் கேட்டிருந்தால் நாகசேனர் என்ன சொல்லியிருப்பார்? உறுப்புகள்தான், வருடம் என்று ஒன்றில்லை என்று சொல்லித் தப்பியிருக்க முடியுமா? பெயர் வெறும் வழக்கு. வருடமோ ஒரு வாக்கு. அதை நம்பி இன்னொருவன் காசை எண்ணி வைக்கிறான்.

பழைய உதிரிப்பாகச் சந்தை ஒன்றில் ஒரு மனிதர் எங்கள் முதலாளிக்கு ஒரு வழி சொல்லியிருந்தார். பழைய தகட்டைக் கழற்றிவிட்டு ஜே.பி. எழுத்துக்கள் அடித்த புதுத் தகடு ஒன்றைப் பொருத்துவது. வண்டி ஒரே நாளில் 1951 ஆகிவிடும். கடதாசி பொருந்தும். முக்கோணக் கண்ணாடியும் பொருந்திவிடும். கைப்பிடி மட்டும் மிஞ்சும், அதை மாற்றுவது பெரிய வேலை அல்ல. இது சட்டப்படி குற்றம் என்பது முதலாளிக்குத் தெரியும். இருந்தும் கேட்டார்: இதில் ஆருக்கு என்ன நட்டம்? கடதாசி 1951 என்றுதானே சொல்கிறது? நான் புதிதாக ஒரு பொய்யும் சொல்லவில்லையே?

அன்று என்னோடு வந்திருந்தவர் எங்கள் பிரதான சமையற்காரர். ஊரில் மெக்கானிக்காக இருந்தவர். நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். முதலாளியின் கேள்வியை நான் தமிழில் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எஞ்சினை மாத்தலாம், கதவை மாத்தலாம். அது வாகனம் பிழைக்கிறதுக்குச் செய்யிற வேலை. உந்தத் தகட்டிலை மட்டும் கை வைக்க வேண்டாம் எண்டு சொல்லு தம்பி. ஆணி அடிச்சால் பிறகு கழட்டேலாது."

அவருடைய கதையை அவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். அவர் பிறந்தது 1962இல். 1990களில் இங்கே வந்தபோது ஏஜென்சிக்காரன் கொடுத்த கடவுச்சீட்டில் 1968 என்று இருந்தது. வந்து இறங்கி அகதிக் கோரிக்கை வைத்தபோது கடவுச்சீட்டும் அதிலுள்ள பெயரும் தன்னுடையவை அல்ல என்று சொல்லிவிட்டார், சொந்தப் பெயரைக் கொடுத்தார். வருடத்தை மட்டும் திருத்தவில்லை. ஆறு வயது குறைவாக இருந்தால் வேலை எடுக்கச் சுகம் என்று அப்போது கூட இருந்தவர்கள் சொன்னார்களாம். அது ஒவ்வொரு கடதாசியாக ஏறி, பிரஜாவுரிமை வரைக்கும் போய்விட்டது. இந்த நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 65 வயதில். உண்மைப்படி அவருக்கு 2027இல் 65. கடதாசிப்படி 2033இல். ஆறு வருடம். அடுப்புக்கு முன்னால், வீங்கிய கால்களோடு, இன்னும் ஆறு வருடம்.

இங்கேதான் எனக்குச் சிக்கல் தொடங்கியது. தகட்டை மாற்றுவது பிழை என்றால், இன்னொருவனின் கடவுச்சீட்டில் வந்ததும் பிழைதானே? இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் தங்கள் சொந்தப் பெயரில் விமானம் ஏறினோம்? அது உயிர் தப்ப, இது காசுக்கு என்று சொல்லி முடித்துவிடலாம். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. உயிர் தப்பச் சொன்ன பொய்யும் உயிர் தப்பிய பிறகு என்னவாகிறது என்ற கேள்வி இருக்கிறது.

1951 ஜூலையில் ஜெனீவாவில் நிறைவேறிய அகதிகள் சாசனத்தின் 31ஆவது உறுப்புரை இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்துள்ள இடத்திலிருந்து நேரடியாக வந்த அகதி, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கப்படக் கூடாது. ஆனால் ஒரு நிபந்தனை. அவர் தாமதமின்றி அதிகாரிகள் முன் வந்து தக்க காரணத்தைக் காட்ட வேண்டும். சட்டம் வாசலில் நடந்ததை மன்னிக்கத் தயாராக இருக்கிறது. உள்ளே வந்த பிறகும் வாசலிலேயே நிற்பதைத்தான் அது விரும்பவில்லை. பொய்க்கு ஒரு காலம் இருக்கிறது என்பதே இதன் கருத்து என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கதவு திறக்கும் மட்டும் அது கைத்தடி. திறந்த பிறகும் கையில் வைத்திருந்தால் அது விலங்காகிவிடுகிறது, பெரும்பாலும் நமக்கே.

தகடு இதற்கு எதிரானது. அது திரும்பத் திறப்பதற்கான வழியே இல்லாத பொய். இன்று வாங்குகிறவன் ஏமாறுவான், நாளை அவனிடம் வாங்குகிறவனும் ஏமாறுவான். முப்பது வருடம் கழித்து யாரோ ஒருவர் தூணில் அந்த எழுத்துக்களைப் படித்து, ஜே.பி. வண்டிகளின் வரலாற்றையே பிழையாக எழுதுவார். கேள்வி கேட்க நமது முதலாளி அப்போது உயிரோடு இருக்க மாட்டார். பொய் சொன்னவன் போன பிறகும் பொய் வேலை செய்துகொண்டிருக்கும்.

இனி மறுபக்கம். முரண்பாட்டைப் படிக்கிறவனுக்கும் ஒரு கடமை உண்டு. பழைய வண்டிகளில் ஈடுபாடுள்ளவர்களிடம் நான் கண்ட நல்ல குணம், பொருந்தாத ஒன்றைக் கண்டதும் அவர்கள் முதலில் கள்ளன் என்று கத்துவதில்லை. இந்தக் கதவு எப்படி வந்திருக்கும், விபத்தா, கறளா, பக்கத்துத் தோட்டத்தில் கிடந்த வண்டியிலிருந்து கழற்றியதா என்று யோசிக்கிறார்கள். முரண் அவர்களுக்கு முதலில் வரலாறு, பிறகுதான் சந்தேகம். அகதி விசாரணை மேசையில் இந்த ஒழுங்கு பல தடவைகளில் தலைகீழாகிவிடுகிறது. முதல் வாக்குமூலத்தில் ஒரு மாதம், இரண்டாவதில் இன்னொரு மாதம் என்றால் ஆள் நம்பத்தகாதவர். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைத் தொலைத்தவருக்கும், வீட்டில் பிறந்து எங்கும் பதியப்படாதவருக்கும் திகதி எங்கிருந்து வரும்? எங்கள் சமையலறையில் கோப்பை கழுவும் ஆப்கானிய இளைஞனுக்குப் பிறந்தநாள் ஜனவரி 1. அவனுடைய தமையனுக்கும் அதே நாள்தான். எழுதுகிறவர் ஏதாவது ஒன்றை எழுத வேண்டியிருந்தது, எழுதினார்.

ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் சிறுவர் என்று சொல்லி வருகிறவர்களின் மணிக்கட்டை எக்ஸ்றே எடுத்து வயது பார்த்திருக்கிறார்கள். ஒப்பிடுவதற்கு வைத்திருப்பது குறோயிலிக், பைல் என்ற இருவரின் எலும்புப் படநூல். 1950இல் முதலில் வெளிவந்தது, எங்கள் முதலாளியின் வண்டித் தகடு சொல்லும் அதே வருடம். அதிலுள்ள கைகள் 1930களிலும் 1940களின் தொடக்கத்திலும் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாண்டில் வளர்ந்த வசதியான வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கைகள். எலும்பு வளர்ந்த அளவைத்தான் அது சொல்லும். பதினேழா பத்தொன்பதா என்று அதைக் கொண்டு அறுதியிட முடியாது. வார்ப்பிலுள்ள ஒற்றை இலக்கம் பத்தாண்டைச் சொல்லாதது போலத்தான். வண்டியில் அந்த இலக்கத்தை வேறு தடயங்களோடு சேர்த்துப் படிக்கிறோம். பிள்ளையிடமும் அந்தப் பொறுமையைக் காட்டினால் என்ன?

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. வண்டி ஆர்வலருக்கு இழப்பதற்கு அதிகம் இல்லை, அதனால் பெருந்தன்மை அவருக்கு மலிவு. அதிகாரிக்கு முன்னால் உண்மையாகவே பொய் சொல்கிறவர்களும் வருகிறார்கள். அரசுக்கு ஏதோ ஒரு வருடம் வேண்டும். நான்கு வருடங்களை எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை. பிரேக் பாகம் வாங்கப் போகிறவனுக்கும் ஒரு திட்டமான பதில் வேண்டும், அங்கே தத்துவம் கதைத்தால் வண்டி சுவரில்தான் நிற்கும். ஆகவே உண்மையான வருடம் என்று ஒன்றில்லை, எல்லாம் பார்வையைப் பொறுத்தது என்ற சுகமான முடிவுக்கு நான் வரவில்லை. எஞ்சின் 1956 நவம்பரில்தான் வார்க்கப்பட்டது. அது ஒருவரின் பார்வையையும் பொறுத்ததல்ல.

நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். எந்த வருடம் என்ற கேள்விக்கு, எதைப் பற்றி, எதற்காகக் கேட்கிறாய் என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு சரியான பதில் உண்டு. பதிவேட்டுக்கு ஒன்று, பாகத்துக்கு ஒன்று, வரலாற்றுக்கு ஒன்று. பல பதில்கள் இருப்பது பொய் அல்ல. ஒரு கேள்விக்குரிய உண்மையான பதிலை, தெரிந்துகொண்டே இன்னொரு கேள்விக்குக் கொடுப்பதுதான் பொய். 'கடதாசி 1951 என்கிறது' என்பது உண்மை. வாங்குகிறவன் கேட்டது கடதாசியைப் பற்றி அல்ல.

முதலாளி தகட்டைத் தொடவில்லை. எங்கள் வார்த்தையாலா, சட்டத்துக்குப் பயந்தா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஒரு தாளில் தகடு 1950, கடதாசி 1951, கதவுகள் 1952 அல்லது பிறகு, எஞ்சின் 1956 என்று எழுதி வண்டிக்குள் வைத்திருக்கிறார். வண்டி இன்னும் விலைப்படவில்லை. கேட்டு வருகிறவர்கள் தாளைப் படித்துவிட்டு விலையைக் குறைக்கிறார்கள். நேர்மைக்குச் செலவு உண்டு என்பதை இந்தக் கட்டுரை மறைக்க விரும்பவில்லை.

அண்ணை தன் வருடத்தைத் திருத்த முடியுமா என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று யோசிக்கிறார். இத்தனை வருடத்துக்குப் பிறகு கிண்டினால் என்ன வருமோ என்ற பயமும் இருக்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய மூத்த மகளுக்கு அவர் பிறந்தது 1962இல் என்று போன மாதம்தான் தெரியவந்தது. அப்பாவின் அறுபதாவது பிறந்தநாள் தனக்குத் தெரியாமலே போய்விட்டதே என்று அந்தப் பிள்ளை அழுததாம். ஓய்வூதியக் கணக்கில் வராத செலவு அது. எங்கள் பிள்ளைகளுக்கு எதை விட்டுப்போகிறோமோ இல்லையோ, எங்களில் எது எந்த வருடத்தது என்று எழுதிய ஒரு தாளையாவது விட்டுப்போக வேண்டும்.